தட்டக் கூடாத கதவு

ஜூன் 3

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் உங்கள் தையல் மிஷினும் நலம்தானே? இங்கே நலமென்று எழுத மனம் வரவில்லை. கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகிறது. அதற்குள் உங்கள் தம்பி மூன்றாவது தடவையாக வேலையிலிருந்து வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் செய்த தப்பு என்னவென்றே தெரியவில்லை. என்னைப் பிடிக்கவில்லையென்றால் வாய்விட்டுச் சொல்லலாமே? மாதக் கடைசியில் அம்மா வீட்டுக்கே போய்விடலாமென்று பரணிலிருந்து பெட்டியை இறக்கிவிட்டேன்.

உங்கள் தம்பி மனைவி

ஜூன் 9

என் கண்ணே,

முதலில் அந்தப் பெட்டியைப் பரணில் ஏற்று. நாத்தனார் புத்தி சொல்லக் கிளம்பிவிட்டாள் என்று முகத்தைச் சுளிக்காதே. இருபது வருஷ அனுபவம் பேசுகிறது. தம்பி பத்து வயதிலிருந்தே கோபம் வந்தால் கதவைச் சாத்திக்கொள்வான். "தட்டாதே, தட்டினா ரெண்டு நாள் பேச மாட்டான்" என்பாள் எங்கள் அம்மா. சாப்பாட்டை மூடி அறை வாசலில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார். காலையில் தானாகத் தெளிந்துவிடுவான். அவனோடு குப்பை கொட்ட இந்த ஒரு வித்தை போதும்.

அண்ணி

ஜூன் 20

அன்புள்ள அண்ணிக்கு,

கோபித்துக்கொள்ளாதீர்கள், நேற்று உங்கள் பேச்சை மீறிவிட்டேன். வைத்த சாப்பாடு வைத்தபடி ஆறிக் கிடந்தது. பொறுக்க முடியாமல் தட்டினேன். உடனே திறந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. லிஃப்ட் ரிப்பேர் செய்யும்போது, இவரோடு வேலை செய்தவரின் கை நசுங்கிவிட்டதாம். கோபமே இல்லை அண்ணி. என் மடியில் தலை வைத்து அழுதார்.

பிறகு, "தட்டினா ரெண்டு நாள் பேச மாட்டீங்களாமே?" என்றேன்.

"யாரு தட்டிப் பார்த்தாங்க?" என்றார்.

பெட்டி பரணுக்குப் போய்விட்டது.

உங்கள் தம்பி மனைவி

ஜூன் 27

அம்மாடி,

உன் கடிதம் வந்த அன்று நான் தையல் கடையைத் திறக்கவில்லை. யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒரு தடவைகூட நான் தட்டியதில்லை, அம்மாவும் தட்டியதில்லை. சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு, "கோபக்காரப் பய" என்று சிரித்தபடி நகர்ந்துவிடுவோம். முதன்முதலில் அவன் கதவைச் சாத்தியது அப்பா இறந்த வாரம். அதைத்தான் கோபம் என்று உனக்கு எழுதினேன், பாவி.

இனிமேல் புத்தி சொல்ல மாட்டேன் என்றால் நீயே நம்ப மாட்டாய். சனிக்கிழமை வருகிறேன். அவனிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று மட்டும் எனக்குச் சொல்லிக்கொடு.

அண்ணி