பாகற்காய்ச் சனிக்கிழமைகள்

அக்கா,

இன்று காலை டத்தோ கிராமாட்டில் என் வீட்டுக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரி, வேலியில் காய்த்தது என்று ஒரு பை நிறையப் பாகற்காய் கொடுத்துவிட்டுப் போனாள். சிரித்த முகத்தோடுதான் வாங்கினேன். கதவைச் சாத்தியதும் அந்தப் பச்சை நெடி மூக்கில் ஏறியது. உடனே உங்கள்மேல் கோபம் வந்துவிட்டது. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. போனவர்மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். அப்படிச் சொல்பவர்கள் யாரும் உங்களோடு வேலை செய்ததில்லை.

ஓய்வு பெற்ற தாதியாக வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல்தான், தோட்டங்களுக்குப் போய் இலவசமாக உடம்பைச் சோதித்துப் பார்க்கும் அந்தக் குழுவில் நான் சேர்ந்தேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை நாங்கள் நாலு பேர் தீவிலிருந்து கடல் பாலம் தாண்டி, தாசேக் கெலுகோர் பக்கத்தில் இருக்கும் உங்கள் செம்பனைத் தோட்டத்துக்கு வருவோம். கோயில் மண்டபத்தில் மேசை போட்டு, விரலில் குத்தி, இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று இனிப்பு நீர் அளவு பார்ப்போம். பாதங்களையும் பார்ப்போம். காலில் புண் வந்தால் உதிரிப் பழம் பொறுக்கப் போக முடியாது, போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது என்று முதல் நாளே நீங்கள் சொன்னீர்கள். அதனால் குழு எல்லாருக்கும் ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தது. லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்களைத் திரட்டிக்கொண்டு வருவது உங்கள் பொறுப்பு. நீங்கள் ஒரு குரல் கொடுத்தால் எட்டு வீட்டுக் கதவு திறக்கும்.

எட்டுக்குள் இருக்க வேண்டிய அளவு முதல் மாதங்களில் பதினாறு, பதினெட்டு என்று வந்தது. நான் சும்மா இருப்பேனா? வார்டில் முப்பது வருடம் ஏசிப் பழகிய வாய். மிஸ்ஸி ஏசுகிறார் என்று பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்கள். பிறகு அளவு இறங்க ஆரம்பித்தது. எட்டு, ஏழு, சிலருக்கு ஆறுகூட. நாங்கள் வரும் நாளில் லயம் முழுக்கப் பாகற்காய் மணக்கும், எல்லார் காலிலும் பூட்ஸ் பளபளக்கும். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்தத் தோட்டம் தேறிவிட்டது, இனி வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்று அறிக்கை எழுதினேன். என் கையாலேயே எழுதினேன், அக்கா.

இங்கே இதுதான் கடைசிச் சனிக்கிழமை என்று நாங்கள் வந்த அன்றுதான் உங்கள் லயத்து லெட்சுமி வரிசையில் நின்றபடியே சரிந்து விழுந்தாள். குத்திப் பார்த்தால் மூன்றுக்கும் கீழே. சீனித் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். அவள் உங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"மூணு நாளா பாகக்கா தண்ணிதான் மிஸ்ஸி. மாத்திரை மட்டும் போட்டுக்கிட்டேன். எல்லாரும் அப்படித்தான். அக்காதான் சொன்னாங்க."

நான் உங்கள் பக்கம் திரும்பினேன். நீங்கள் கொஞ்சமும் அசரவில்லை.

"பெட்ரோல் போட்டு அவ்வளவு தூரத்திலிருந்து வர்றீங்க, சும்மாவா அனுப்புறது? நம்பர் ஏறினா ஏசுறீங்க மிஸ்ஸி. ஏசுனா அடுத்த மாசம் பாதிப் பேரு வரமாட்டாங்க லா."

விருந்தாளிக்கு வடை சுடுவது மாதிரி எங்களுக்கு நம்பர் சுட்டுக் கொடுத்திருக்கிறீர்கள்! ஒருத்தி செத்துப் போயிருப்பாள் என்று கத்தினேன். நாங்கள் எழுதிக் கொடுத்த அட்டையில் அளவு நன்றாக இருக்கிறது என்று நம்பி, கிளினிக் பக்கமே போகாமல் பாதிப் பேர் இருந்ததும் அன்றுதான் தெரிந்தது. ஒரு நாள் சம்பளம் மிச்சம் என்று நினைத்திருக்கிறார்கள். நீங்களும் அதில் சேர்த்தி.

அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டு, மறுவாரம் சொல்லாமல் கொள்ளாமல் வந்தேன். பூட்ஸ் எல்லாம் பிளாஸ்டிக் பையில் சுற்றி அலமாரி மேல் இருந்தது. பழசாகிவிடுமாம். வேலைக்குச் சிலிப்பர்தான். உங்கள் விரலைக் குத்தினேன். கருவி நம்பரே காட்டவில்லை, அவ்வளவு ஏறியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனபோது சிறுநீரகம் போய்விட்டது என்றார்கள். எனக்கு உங்களை அடிக்க வேண்டும் போல இருந்தது. வெளியே வந்து கார் நிறுத்தும் இடத்தில் நின்று அழுதேன்.

இரண்டு வருடம் வாரம் மூன்று தடவை இரத்தச் சுத்திகரிப்பு. ஒரு நாள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கால் இரண்டும் வீங்கிக் கிடக்க, நன்றாக இருப்பதாகச் சொன்னீர்கள். எரிச்சல் தாங்காமல், எனக்கு இன்னும் எத்தனை பொய் என்று கேட்டுவிட்டேன். நீங்கள் கோபிக்கவில்லை.

"உங்களுக்கு இந்த வியாதி இல்லையே மிஸ்ஸி. ஒவ்வொரு தடவையும் விரலை நீட்டுறப்ப தப்புப் பண்ணுன மாதிரி இருக்கும். அது உங்களுக்குத் தெரியாது."

அப்போது என் கைப்பையில் என் மாத்திரைப் பெட்டி இருந்தது. எட்டு வருடமாக எனக்கும் இனிப்பு நீர், அக்கா. வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டுதான் குத்திப் பார்ப்பேன். தாதிக்கே இருக்கிறது என்று தெரிந்தால் யார் என் பேச்சைக் கேட்பார்கள் என்று பயம். அன்றுகூட வாய் வரை வந்தது. சொல்லவில்லை. உங்களைப் பொய்க்காரி என்று ஏசிவிட்டு, பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

தோட்டத்துக்குப் போவதை நாங்கள் நிறுத்தவில்லை. இப்போது தேதி சொல்லிவிட்டுத்தான் போகிறோம். மேசை போட்டதும் எல்லார் முன்னாலும் முதலில் என் விரலைத்தான் குத்திக்கொள்கிறேன். போன சனிக்கிழமை பன்னிரண்டு வந்தது. பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு லெட்சுமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"எனக்கு அதுக்கும் மேல இருக்கும் மிஸ்ஸி. காலையில ரெண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டேன்."

இந்த ஒரு பேச்சை உங்கள் வாயிலிருந்து கேட்கத்தான் அத்தனை சனிக்கிழமையும் நான் தொண்டை கிழியக் கத்தினேன். என் விரலை முதலில் நீட்டியிருந்தால் போதுமாக இருந்திருக்கும்.