ஏமோஸ் த்ராஷரின் முதல் மனைவிக்கு ஒரு கையொப்பம் குறைகிறது

அனுப்புநர்:
நவோமி ஸ்ட்ரிக்லர் (வயது 74),
ஓய்வுபெற்ற கிராமத் தபால் ஊழியர்,
மூன்றாம் தபால் தடம், கோல்பர்ன் மாவட்டம், இந்தியானா.

பெறுநர்:
உயர்திரு டெலோஸ் ஹாப்குட் அவர்கள்,
சாலைப் பணி ஆணையர், கோல்பர்ன் மாவட்டம்.

பொருள்: ஓடைப்பாலச் சாலை விரிவாக்கத்தில் ‘ஆதாரமற்ற கல்’ எனக் குறிக்கப்பட்ட கல்லறையை இடிக்காமல், ஊர்க் கல்லறைக்கு மாற்றிப் பெயர் பொறிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பாலத்துக்கு முந்தைய வளைவில், சோள வயலின் மூலையில் ஒரு கல் இருக்கிறது. ‘ஏமோஸ் த்ராஷர் மனைவி, குழந்தையுடன்’ என்று உளியால் கோணல்மாணலாகக் கொத்தியிருக்கும். பெயரும் இல்லை, தேதியும் இல்லை. முப்பத்தோரு ஆண்டுகள் அந்த வளைவில் தபால் வண்டி ஓட்டியிருக்கிறேன். அங்கே கிடப்பவர் என் எள்ளுப்பாட்டி என்று அப்போது எனக்குத் தெரியாது.

2. தங்கள் அறிவிப்பு கண்டு சென்ற மாதம் அலுவலகத்துக்கு வந்தேன். பதிவேட்டைப் புரட்டிய அம்மணி சொன்னதை அப்படியே தருகிறேன்: “ஏமோஸுக்கு ஒரே பொண்டாட்டிதான் மேடம். பேரு லுசிண்டா. அவங்கள ஊருக்குள்ள மெதடிஸ்ட் கல்லறையில பொதச்சாச்சு. ஒருத்தரையே எத்தன தடவ பொதைப்பாங்க?” அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நகைச்சுவை நன்றாகத்தான் இருந்தது, நானும் சிரித்துவிட்டேன். வண்டிக்கு வந்த பிறகுதான் அழுகை வந்தது.

3. அந்த அம்மணி மீது குறை சொல்லவில்லை. எண்பது, தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கல்லறைகளைப் பட்டியலிட்டவர்கள், ‘ஏமோஸின் மனைவி’ என்று எங்கே கண்டாலும் லுசிண்டா என்றே எழுதிவிட்டார்கள். நம் பக்கத்துப் பண்ணைகளில் மனைவி இறந்து, நிலம் உழும் பருவம் மறுபடி வருவதற்குள் அடுத்த மனைவி அடுப்படியில் நிற்பது அன்று சாதாரணம். அதை நினைத்துப் பார்க்காததே பிழை.

4. ஆதாரம் தங்கள் கட்டடத்திலேயே இருக்கிறது. 1850ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ஏமோஸ் வீட்டில் மனைவி லுசிண்டா, வயது 19. மகள் ஓர்ஃபா, வயது 8. பதினோரு வயதில் லுசிண்டா பிள்ளை பெற்றிருக்க முடியாது என்பதைத் தாங்களும் ஒப்புக்கொள்வீர்கள். திருமணப் பதிவேட்டின்படி லுசிண்டா அவரை மணந்தது 1849 நவம்பரில்தான். ஓர்ஃபா என் கொள்ளுப்பாட்டி. அவரைப் பெற்றவர் வேறொருத்தி.

5. அந்த வேறொருத்தியின் பெயரைக் கண்டுபிடிக்க ஆறு ஆண்டுகள் ஆயின. என் கணவர் ஃபிளாய்ட் இறந்த குளிர்காலத்தில் தொடங்கினேன். பேச ஆள் இல்லாத வீட்டில் ஏதாவது ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தால் பொழுது போகும் என்பதைத் தவிர வேறு நோக்கம் அப்போது இல்லை. 1850க்கு முந்தைய கணக்குகளில் குடும்பத் தலைவருக்கு மட்டுமே பெயர் உண்டு. மற்றவர்களுக்கு வயதுக் கட்டத்தில் ஓர் எண். ஓர்ஃபாவின் தாய் இன்னும் பதினைந்து மாதம் உயிரோடு இருந்திருந்தால் அரசாங்கம் அவர் பெயரை எழுதியிருக்கும்.

6. என்னிடம் ஓர்ஃபாவின் வழியாக வந்த ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று உண்டு. முப்பது கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணின் கையெழுத்து மையில் இருக்கிறது. தோழி ஒருத்தி மேற்கே புறப்படும்போது ஊர்ப் பெண்கள் இப்படித் தைத்துக் கொடுப்பார்கள். அதிலும் ஒரு சங்கடம். கொடுத்தவர்கள் எல்லாரும் கையெழுத்திட்டார்கள், வாங்கியவர் பெயரை மட்டும் யாரும் எழுதவில்லை. அவள்தான் எதிரே நிற்கிறாளே, எழுதுவானேன் என்று நினைத்திருப்பார்கள்.

7. அந்த முப்பது பெயர்களையும் ஒவ்வொன்றாகத் தேடினேன். இருபத்திரண்டாவது பெயர் லொவீசா பிராட். வெர்மாண்ட் மாநிலத்துச் சிற்றூர் நூலகம் ஒன்றில் அவருடைய நாட்குறிப்பு இருந்தது. நூலகர் தொலைபேசியில், “அம்மா, உக்காந்துட்டீங்களா? மொதல்ல உக்காருங்க, அப்பறம் படிக்கிறேன்” என்றார். உட்கார்ந்தேன். 1841 மே: ‘கெசையா டோரன்ஸுக்குப் போர்வை முடிந்தது. ஏமோஸ் த்ராஷரோடு இந்தியானா போகிறாள். இனிப் பார்ப்போமா தெரியாது.’ 1849 ஏப்ரல்: ‘ஏமோஸின் கடிதம். மார்ச்சில் கெசையாவும் பிறந்த சிசுவும் போய்விட்டார்கள். அங்கே அவளுக்காக அழ யார் இருக்கிறார்கள்?’ நகல் இணைத்துள்ளேன். கெசையாவின் பெயரை வெற்று வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

8. இனி என் சிக்கல். கல்லறையை மாற்ற வாரிசுகள் இருவர் கையொப்பமிட வேண்டும் என்கிறது தங்கள் விதி. ஓர்ஃபாவின் வழியில் மிஞ்சியிருப்பது நான் ஒருத்தி. எனக்குப் பிள்ளைகள் இல்லை, உடன்பிறந்தவர்களும் இல்லை. படிவத்தை மேசைமேல் வைத்து மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாவட்டத்தில் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அறிந்தவள் நான். இரண்டாவது கோட்டில் எழுத ஒரு பெயர் கிடைக்கவில்லை.

9. ஆகவே, அன்புகூர்ந்து: (அ) அந்தக் கல்லை ‘ஆதாரமற்றது’ என்ற பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். (ஆ) தாயையும் சேயையும் பிரிக்காமல் எடுத்து அடக்கம் செய்து, ‘கெசையா டோரன்ஸ் த்ராஷர்’ என்று பொறிக்க வேண்டும். ஏமோஸ் கொத்திய கல்லும் கூடவே இருக்கட்டும். அந்த மனிதருக்கு அவ்வளவுதான் கொத்த வந்திருக்கும். (இ) இரண்டாவது கையொப்பமாக, இணைத்துள்ள போர்வைப் புகைப்படத்தில் இருக்கும் முப்பது கையெழுத்துகளில் எதை வேண்டுமானாலும் ஏற்க வேண்டும்.

அவர்கள் ரத்த உறவு இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் கெசையாவுக்காக இந்த உலகில் கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள் மட்டுமே. நூற்று எண்பத்து மூன்று ஆண்டுகளாகியும் மை அழியவில்லை. நவம்பர் 12ஆம் தேதி தங்கள் அலுவலக விசாரணைக்கு நான் தனியாகத்தான் வருவேன். போர்வையை எடுத்து வருகிறேன். விரித்து வைக்க ஒரு பெரிய மேசை மட்டும் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

இடம்: கோல்பர்ன்
நாள்: 28.10.2024

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) நவோமி ஸ்ட்ரிக்லர்
கெசையாவின் எள்ளுப்பேத்தி

இணைப்பு: குடிக்கணக்கு நகல், திருமணப் பதிவு நகல், நாட்குறிப்பு நகல், போர்வையின் புகைப்படம், ஒரு கையொப்பம் மட்டுமே உள்ள படிவம்.