அகோனி என்று நீ சொன்ன வார்த்தை

சாங்வி, பூனா

அன்பு மகள் தமிழரசிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ சுகமா என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன், இந்தத் தடவை நீ சுகமில்லை என்று தெரிந்தே எழுதுகிறேன். இங்கிலீஷில் படித்த உனக்குத் தமிழ் படிக்க நேரமாகும், எழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன், நிதானமாகப் படி. அம்மா இறந்தபின் வீட்டில் பேச்சே இல்லை, எதிர்வீட்டுக் கேஷவும் மகனோடு நாசிக் போய்விட்டார், பால்காரரிடம் அரை லிட்டர் பாலுக்கு ஆதா லிட்டர் என்று சொல்வதோடு என் ஒருநாள் பேச்சு முடிந்துவிடுகிறது. அதனாலோ என்னவோ, ஐந்து வாரத்துக்கு முன் நீ போனில் சொன்னது காதை விட்டுப் போகவில்லை. மாப்பிள்ளை கை நீட்டியதைச் சொல்லி, ஆங்கிலத்தில் அகோனி என்று ஒரு வார்த்தை சொல்லி அழுதாய். சிலுவைக்கு முந்தின ராத்திரி ஆண்டவர் தோட்டத்தில் பட்ட பாட்டுக்கு இங்கிலீஷ் பூசையில் அந்த வார்த்தைதான் வரும், வாய் திறக்காமல் தாங்கிக்கொள்வதுதான் அது என்று நினைத்துவிட்டேன். பொறுத்துப் போம்மா என்று போனை வைத்தேன். பிறகு நீ கூப்பிடவே இல்லை.

மனசு கேட்காமல், தமிழ்ப் பூசைக்கு வரும் பிரதர் கிறிஸ்டோபரிடம் கேட்டேன், சாமியாருக்குப் படிக்கிறார், கிரேக்கம் தெரியும். அதுக்கு வேர் அகோன்ங்க ஐயா, முதல்ல ஜனங்க கூடுற கூட்டம், அப்புறம் அந்தக் கூட்டத்துல நடக்கிற போட்டி, மல்லுக்கட்டு, கோர்ட்டு வழக்கைக்கூட அப்படித்தான் சொன்னாங்க, போராடுறவன் படுற பாடு அகோனியா ஆச்சு, வெறும் வேதனைங்கிறது கடைசியா வந்த அர்த்தம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. போராடுகிறேன் என்று நீ சொன்னதற்கு நான் பொறுத்துக்கொள் என்றிருக்கிறேன்.

உன் சிநேகிதி தீபாவுக்குப் போன் போட்டேன், நீ மாப்பிள்ளை மேல் வழக்குப் போட்டிருக்கிறாய் என்றாள். மறுநாளே வானவடிக்குப் போய்ச் சம்பந்தி அமல்ராஜிடம், என் மகள் எடுத்த முடிவில் நானும் இருக்கிறேன் என்று சொன்னேன். பொம்பளப்புள்ள கோர்ட்டு ஏறுறதுக்கு அப்பனே துணையா என்று கத்தினார். ஆமாங்க, நான்தான் துணை என்று எழுந்து வந்துவிட்டேன். இப்போது பூசையில் யாரும் என் பெஞ்சில் உட்காருவதில்லை. அம்மா இருந்திருந்தால் இதை முதல் நாளே செய்திருப்பாள்.

ஆகஸ்டில் விசாரணை என்றும் தீபாதான் சொன்னாள். அங்கே உன்னிடம் வரப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். கோர்ட்டில் அவர்கள் பேசும் இங்கிலீஷ் எனக்குப் புரியாது, பக்கத்தில் உட்கார்ந்திருக்க அது வேண்டியதில்லை. அன்று நான் சொன்னது தப்பும்மா. வரவேண்டாம் என்று தோன்றினால் அதையும் கூசாமல் சொல்.

வேளைக்குச் சாப்பிடு, கதவைத் தாளிட்டுப் படு. உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன். விசாவுக்கு நீ எழுதும் அழைப்புக் கடிதம் வேண்டுமாம், மறந்துவிடாதே.

உன் அப்பா,
ம. சேவியர்