நீலக் கேட்டும் சாம்பல் கேட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் சௌக்கியம், நான் மட்டும் பத்திரம். இருபத்திரண்டு நாளாக உன் அண்ணன் என்னை உள்ளே வைத்துப் பூட்டுகிறான். ஃபோனில் சொல்லலாம் என்றால் பக்கத்திலேயே நிற்கிறான். நடந்தது இதுதான், கால்வாய்க் கரையில் வேலிப்பருத்திக் கொடி காய்க்கிற பருவம், வருஷா வருஷம் அந்தக் காயைக் கிண்ணத்தோடு மேஜையில் வைத்துப் படம் போடுவேனே, அன்றைக்கும் பை நிறையப் பறித்துக்கொண்டு திரும்பினேன். இந்த வீட்டுக்குக் குடிவந்து மூன்று மாதம்தான், கட்டடமெல்லாம் ஒரே அச்சு. எழுத்து தெரியாத எனக்கு நிறம்தானே விலாசம், மஞ்சள் சுவர் தாண்டி நீலக் கேட். நான் போன பிறகு பெயிண்டர் வந்து நீலத்தின் மேல் சாம்பலைப் பூசிவிட்டான். ஏழு தடவை அதே தெருவில் மேலும் கீழும் நடந்தேன், கடைசியில் சலவைக்கடைக்காரர் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டார். அவ்வளவுதான், அப்பாவுக்கு ஞாபகம் போய்விட்டது என்று உன் அண்ணன் காய்களைக் குப்பையில் கொட்டினான், டாக்டரிடம் இழுத்துப் போனான். அவர் என்ன கிழமை என்றார். கிழமை பார்த்தா நான் படம் போடுகிறேன், வெயில் சாய்கிற நேரம் என்றேன், உதட்டைப் பிதுக்கினார். மூன்று வயதில் நீ என் வண்ணத் தட்டிலிருந்த ஊதாவை நக்கியதும், உன் அம்மா உன் வாயைக் கழுவிய சொம்பின் நெளிவும் கண்ணுக்குள் இருக்கின்றன, இந்த மண்டைக்கா மறதி?

வரைய பிளாஸ்டிக் ஆப்பிள் வாங்கித் தந்திருக்கிறான், அழுகவே அழுகாதுப்பா என்று பெருமை வேறு. எறும்பே எட்டிப் பார்க்காத பழத்தை நான் எதுக்குடா பார்க்கணும் என்று கேட்டேன். இதை எழுதும்போதே உன் அண்ணி பேனாவை நிறுத்தி, கேட் விஷயத்தை அன்னிக்கே ஏன் மாமா சொல்லலை என்கிறாள். யாரும்மா கேட்டீங்க, கிழமையைத்தானே கேட்டீங்க என்றேன். சரி, இப்போது கதவைத் திறந்துவிடு என்றால், அவர் வந்து சத்தம் போடுவாரே மாமா என்கிறாள். இன்னொரு சாவி அவள் இடுப்பில்தான் இருக்கிறது, இருந்தும் அவளும் என்னோடு உள்ளேதான் இருக்கிறாள்.

நீ சொன்னால் கேட்பான். சண்டை போடாதே, பயத்தில்தான் பூட்டுகிறான். ஆனால் ஒரு மாதத்தில் காயெல்லாம் வெடித்துப் பஞ்சாய்ப் பறந்துவிடும், அதற்குள் பேசு. அடுத்த வருஷத்துக் காய்க்கு நான் இருப்பேனோ என்னவோ. நீ நூறு வயது நன்றாக இரு, தினமும் கொஞ்சம் வெயிலில் நட.

இப்படிக்கு,
கட்டைவிரல் வைத்திருக்கும் உன் அப்பா