மூக்கில் இருந்த குழாய்

செவ்வாய், இரவு

கல்லூரியில் என்னை டிசைன் பயிற்சிக்கு அனுப்பியிருக்கும் பொன்மலை பிளெக்ஸ் கடைக்கு முசிறிக்காரர் ஒருவர் வந்தார். அப்பாவுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வேண்டுமாம். போட்டோவில் பெரியவர் மூக்கில் குழாயோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார்.

"குழாய எடுத்துட்டு விபூதி வச்சிடும்மா. கீழ என் படம் அண்ணன் படத்தவிடப் பெருசா இருக்கணும்."

"என்னைக்குங்க தவறுனாரு?"

"இன்னும் இல்லம்மா. தேதிய மட்டும் காலியா விடு."

எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. இருந்தும் கன்னத்துத் தோலை எடுத்து மூக்கடியில் ஒட்டி, குழாய் இருந்த தடமே தெரியாமல் முடித்தேன். வேலை சுத்தமாக வந்ததில் உள்ளூரச் சந்தோஷம் வேறு.

கடை அடைக்கும் நேரத்தில் அவரே போன் செய்தார்.

"அப்பா பொழச்சுக்கிட்டாரும்மா. அந்த டிசைன மட்டும் அழிச்சிடாத."

"சரிங்க" என்று சொல்லித் தொலைத்தேன். த்தூ.