எடை ஏறிய பிள்ளைகள்

இன்று காலை பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தின் ஸ்டோர் கதவைத் திறந்ததும் பால்மாவு வாடை முகத்தில் அடித்தது. உன் உடுப்பில் எப்போதும் இருந்த வாடை. நீ போன பிறகு அந்த அறைப் பக்கம் நான் போவதே இல்லை. இன்று வேறு வழியில்லாமல் போனேன்.

நன்கொடைப் பணத்தில் நடக்கும் சத்துணவுத் திட்டம் பலன் தருகிறதா என்று பார்ப்பதுதான் உனக்கும் எனக்கும் வேலை. மாதா மாதம் பிள்ளைகளை எடை பார்ப்போம். ஏறினால் பலன், இறங்கினால் கேள்வி. பணம் கொடுப்பவர்கள் அதற்கு மேல் எதையும் கேட்டதில்லை.

பண்டமாரான் அடுக்குமாடியில் அந்தச் சின்னப் பெண்ணை நினைவிருக்கிறதா? எடை விறுவிறுவென்று ஏறியிருந்தது. நம் மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. "இதான் லா நம்ம சக்சஸ் ஸ்டோரி!" என்று படம் எடுத்தார். அவள் முகம் உப்பிக்கொண்டே போவதை அக்கம்பக்கத்தார் எல்லாரும் பார்த்திருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிள்ளை பூசினாற்போல் இருக்கிறது என்று சொன்னால் கண் பட்டுவிடுமே! நானும் அப்படி வளர்ந்தவள்தான்.

நீ மட்டும் குந்தி உட்கார்ந்து, அவள் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினாய். விரலை எடுத்த பின்னும் குழி நிரம்பவில்லை.

"முகம் வீங்கியிருக்குக்கா. இது சதை இல்ல," என்றாய், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

"வாயக் கழுவுங்க! வெள்ளிக்கிழமை அதுவுமா!" என்று அவள் அம்மா உன்மேல் பாய்ந்தாள்.

"அப்புறமா திட்டுங்க. இப்ப ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

சிறுநீரகக் கோளாறு. உடம்பெல்லாம் நீர் கோத்திருந்தது. பிள்ளை பிழைத்தாள். திரும்பும் வழியில் காரில் நீ சொன்னாய்: "எடை இறங்கினா தேடிப் போறோம். ஏறினா கை தட்டிட்டு உக்காந்துடறோம். அதான் எனக்குப் பயமா இருக்கு லா."

எடை பார்க்கும்போது கால்களையும் அழுத்திப் பார்க்க வேண்டும் என்று மேலாளரிடம் நீ கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். பிறகு புற்றுநோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது. இப்போது அந்தந்த இடத்துத் தொண்டர்கள் எடை பார்த்துக் கைப்பேசியில் அனுப்புகிறார்கள். நாங்கள் ஏர்கோன் அறையில் உட்கார்ந்து, கணினியில் ஏறும் எடைக்கோடுகளைப் பார்க்கிறோம். பிள்ளைகளை யாரும் பார்ப்பதில்லை.

கேரி தீவில் ஒரு பையன். அவன் கோடு செங்குத்தாக ஏறியிருக்கிறது. நிதி திரட்டும் விருந்துக்கு அவன் முகத்தைத்தான் பேனரில் போடப் போகிறார்களாம். படத்தில் அவன் கையில் பிடிக்க ஒரு பால்மாவு டின் வேண்டுமாம். அதை எடுக்கத்தான் ஸ்டோருக்குப் போனேன். டின்னைக் கையில் வைத்துக்கொண்டே அந்தத் தீவில் எடை பார்க்கும் தொண்டரைப் போனில் அழைத்தேன்.

"பையன் எப்படிம்மா இருக்கான்?"

"நல்லா இருக்கான்க்கா."

"முகம்?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அதெல்லாம் என் வாயால சொல்லக் கூடாதுக்கா."

பேனருக்காக அவனைப் படம் எடுக்கக் கிளம்பியவரின் காரிலேயே தொற்றிக்கொண்டேன். வழியெல்லாம் செம்பனை மரம், செம்பனை மரம், முடிவதாகவே இல்லை.

பையன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டு. கண்கள் இடுங்கிக் கோடாகியிருந்தன. "சிரி லா, தம்பி," என்றார் படம் எடுப்பவர். நான் குந்தி உட்கார்ந்து அவன் காலை அழுத்தினேன். விரல் மாவில் இறங்குவதுபோல் இறங்கியது. எடுத்தேன். குழி அப்படியே நின்றது.

"அக்கா, இது சதை இல்ல," என்றேன். அவன் அம்மா என் வாயைப் பொத்த வந்தாள்.

கிள்ளானில் ஆஸ்பத்திரி நடைவழியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். "ஏன் இவ்ளோ லேட்டா கொண்டு வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போன டாக்டர் இன்னும் வெளியே வரவில்லை. அவன் அம்மா என் பக்கத்தில் உட்காரவில்லை. எதிர் நாற்காலியிலிருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், எல்லாம் இதிலிருந்துதான் வந்தது என்பதுபோல். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கெட்ட வாய்தான். நாளை காலை இதைத் தூக்கிக்கொண்டு, கோடு ஏறியிருக்கும் மற்ற வீடுகளுக்கும் போக வேண்டும்.