கூரையைத் தொட்ட சுவர்

அக்கா, போன ஞாயிறு மாதா கோவில் பூசையில் ஒரு நாற்றம் வந்தது. ஆளாளுக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, முன் வரிசையில் இருந்த கிழவரை முறைத்துப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். முகத்தைக்கூடக் கொஞ்சம் சுளித்தேன். நாற்றம் என் சேலையிலிருந்து.

விடியலில் ரப்பர் பட்டறைக்குப் போய், வாளி கழுவிய தண்ணீரை ஒரு தகர டின்னில் வாங்கி வந்தேன். வழியில் முந்தானையில் கொட்டிவிட்டது. ரப்பர்ப்பால் புளித்த வாடை உனக்குச் சொல்லவா வேண்டும்? சாமியார் ஆசீர்வாதம் கொடுக்கும்போது நீதான் ஞாபகத்துக்கு வந்தாய். "பாவம் அந்தக் கெழவன், உள்ளதச் சொல்லு புள்ள" என்றிருப்பாய். நான் சொல்லவில்லை. உனக்குச் சொல்ல வேண்டியதே இன்னும் பாக்கி. அதைத்தான் இப்போது எழுத்துக்கூட்டி எழுதுகிறேன்.

நம் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில், உன் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் இருந்த பலகைத் தடுப்பு, தலைக்கு மேல் ஒரு முழத்தோடு நின்றுவிடும். காற்றோட்டத்துக்காம். காற்று வந்ததோ இல்லையோ, உன் வீட்டுப் பேச்சு முழுக்க எனக்கு வந்தது. உன் வீட்டுக்காரர் இன்னொரு துண்டு கருவாட்டுக்குக் கெஞ்சுவதும் நீ மிஞ்சுவதும் எல்லாம் வரும். காலையில் பெரட்டுக் களத்தில், கங்காணி பேர் கூப்பிடும் முன்னே, அதை இரண்டு குரலிலும் நடித்துக் காட்டுவேன். வரிசையே சிரிக்கும். நீயும் சிரிப்பாய். உனக்கும் பிடிக்கிறது என்றே நினைத்திருந்தேன்.

ஒரு நாள் கருவாட்டுப் பேச்சு இல்லை. நீ அவரிடம் மெல்லச் சொன்ன வேறொன்று என் காதில் விழுந்திருந்தது.

"என்னக்கா, இந்த மாசமும் தங்கலையாமே? அந்தத் தொட்டில் சேலைய எனக்குக் குடுத்துரு, பாவாடைக்கு ஒட்டுப் போட்டுக்கறேன்" என்றேன்.

அன்றும் வரிசை சிரித்தது. நீயும்தான். ஆனால் பால் வெட்டப் போகையில் என்னோடு வரவில்லை.

அடுத்த வாரம் நீ மூங்கில் பிளக்க ஆரம்பித்தாய். பின்னிய தட்டியை நட்டு, இரண்டு பக்கமும் மண் பூசி, நம் அறைகளுக்கு நடுவில் கூரை வரைக்கும் ஒரு சுவர். அந்த மண்ணைப் பச்சைத் தண்ணீரில் குழைக்கவில்லை. ஆலையில் பால் வாளி கழுவி வாய்க்காலில் ஊற்றுவார்களே, அந்தத் தண்ணீரில் குழைத்தாய். வெடிக்காது, சாரலுக்குக் கரையாது என்றாய். நான் மண் சுமந்தேன், மிதித்தேன், பாட்டும் பாடினேன். எதற்கு இந்தச் சுவர் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லாம் காதில் விழுந்து பழகியவள் ஆயிற்றே.

அப்போது புது லயம் கட்டும் பேச்சு நடந்தது. உன் சுவர் துரைக்குப் பிடித்தால் இருபது வீட்டுக்கும் அதுதான், இல்லையென்றால் மூடிப்போன ஈயச் சுரங்கத்துப் பழைய தகரம் என்று கங்காணி சொல்லியிருந்தார். துரை வந்தார். சுவரைத் தட்டினார். உள்ளங்கையால் அழுத்தினார். தலையை ஆட்டிக்கொண்டார்.

"எப்படி இருக்கு? சொல்லு" என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ஐயா உன்னைக் கேட்டார்.

நீ வாயைத் திறப்பதற்குள் நான் புகுந்தேன். "சுவரு நல்ல சுவருதாங்க. உள்ள ஒரு ஆளு செத்துக் கெடந்தாலும் வாடைய வச்சுக் கண்டுபிடிக்க முடியாது, அம்புட்டுதான்."

கிராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதை இங்கிலீஷில் துரைக்குச் சொன்னார். துரை கைக்குட்டையை மூக்கில் வைத்தார். அவரும் சிரித்தார். குதிரை ஏறிப் போய்விட்டார். "காஞ்சா வாட பத்து நாள்ல போயிரும்ங்க" என்று நீ சொன்னதை அவர் முதுகுதான் கேட்டது.

பழைய லயத்தோடு உன் சுவரையும் இடித்தார்கள். பத்து நாள் எப்போதோ தாண்டியிருந்தது. வாடையே இல்லை.

புதிதாகக் கட்டிய தகர லயத்தில் பகலெல்லாம் வெந்தோம். தடுப்பு இப்போது தோள் உயரம்தான். நீ வீட்டுக்குள் பேசுவதையே நிறுத்திவிட்டாய்.

சுங்காய்ப் பக்கம் வேறு தோட்டத்துக்குக் கிளம்பிய அன்று, மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சொன்னாய்: "அந்தச் சுவர ஒனக்காகத்தான் புள்ள கட்டுனேன். ஒன் காதுக்கு."

குரலில் கோபமே இல்லை. மன்னிச்சிரு அக்கா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "அப்படின்னா இன்னும் கனமாக் கட்டியிருக்கணும்லக்கா" என்று வந்தது. அதுதான் நாம் பேசிய கடைசிப் பேச்சு. நீ காய்ச்சலில் போன சேதி மூன்று மாதம் கழித்து வந்து சேர்ந்தது.

இப்போது தோட்டத்தை விட்டு வந்து புந்தோங்கில் குடியிருக்கிறேன். பக்கத்து அறையில் புதிதாகக் கல்யாணமான பிள்ளைகள். நடுவில் அதே அரைகுறைத் தடுப்பு. அவர்கள் பேசுவதெல்லாம் கேட்கிறது அக்கா. கடைத்தெருவில் நடித்துக் காட்டினால் ஊரே சிரிக்கும், அவ்வளவு நன்றாக இருக்கிறது. நடிக்கவில்லை. மூங்கில் பிளந்தேன்.

"எதுக்கு அத்தே இந்தச் சுவரு?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"எங்கக்கா கட்டச் சொல்லுச்சு" என்றேன்.

நேற்று சுவர் கூரையைத் தொட்டது. பூசி முடித்ததும், சத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டுமே, காதை வைத்துக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. காதை எடுத்தேன். ஈர மண்ணில் என் காது அப்படியே பதிந்திருந்தது. கம்மல் கழன்று உள்ளே போய்விட்டது. தோண்டி எடுக்கலாமா என்று கேட்டாள் அந்தப் பெண். தோண்டினால் ஓட்டை விழும். மேலே இன்னொரு கை மண் அப்பிவிட்டேன். வருகிற ஞாயிறு பூசைக்கு ஒற்றைக் கம்மலோடு போகிறேன்.